இல்லைக்கு ஒரு பழம்

மலைமேல் ஒண்டிக்கடை முக்கில் அந்தக் காலத்தில் ஒரு லாட்ஜ் இருந்தது. பதினாலு ரூம். அதன் பேரைச் சொல்ல மாட்டேன். அதில் மேனேஜராக இருந்தவர் பேரையும் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாத ஒன்றை ஒரு தடவை சொல்லித் தொலைத்தவன் நான். அதிலிருந்து யார் பேரைச் சொல்லவும் வாய் கூசுகிறது. மேனேஜர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

நான் அங்கே ரூம்பாய். பாய் என்றால் பையன் என்று அர்த்தமாம். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, இரண்டு பெண் குழந்தைகள், கிளியூரில் குடியிருப்பு, மனைவிக்கு எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிற வேலை. மீசையில் நரை தட்டிய பையன்.

அவரை நான் முதன்முதலாகப் பார்த்ததே அவர் அடி வாங்கும்போதுதான். பொங்கல் லீவு. வேலை கேட்டுப் போய் வாசலில் நிற்கிறேன். பெங்களூர் வண்டி ஒன்று வந்து நின்றது. ஐந்து பேர் இறங்கினார்கள், ஐந்து பேர் மேலும் சாராய வாடை. ரூம் காலி இல்லை. மேனேஜர் எழுந்து நின்று, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, கன்னடத்தில் "இல்லா சார், பேஜாரு மாட்கோபேடி" என்றார். முன்னால் நின்றவன் பளாரென்று கன்னத்தில் விட்டான். மூக்குக்கண்ணாடி பறந்து சுவரில் மோதி ஒரு சில்லு தெறித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இன்னும் வேலையில்கூடச் சேரவில்லை, அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன்.

மேனேஜர் குனிந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேசைக்கு அடியிலிருந்த மூங்கில் கூடையில் கைவிட்டு ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்தார். தன்னை அடித்தவனுடைய வலது கையைப் பிடித்து, உள்ளங்கையில் பழத்தை வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். மறுபடியும் "பேஜாரு மாட்கோபேடி" என்றார். அவன் பழத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஐந்து பேரும் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அதுதான் அந்த லாட்ஜின் வழக்கம். இல்லை என்று சொன்னால் கையில் ஒரு பழம். ஆரஞ்சு கிடைக்காத மாதத்தில் கொய்யா, பேரிக்காய், ஒன்றுமே இல்லாவிட்டால் மலைவாழை. பழம் கைக்கு வந்துவிட்டால் இரண்டாம் தடவை கேட்கக் கூடாது. லாரி டிரைவர்கள், காப்பி வியாபாரிகள், வருஷா வருஷம் வருகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். உள்ளே நுழையும்போதே கூடைப் பக்கம்தான் பார்ப்பார்கள். அவர் கை அங்கே போனால் வாயைத் திறக்காமல் பழத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

இளவயதில் ஓட்டல் ஓட்டலாக நாலு மாநிலத்தில் சப்ளையராகத் திரிந்தவர். ஐந்தாறு பாஷை தெரியும் என்று ஊரில் பேச்சு. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அவருக்கு ஒவ்வொரு பாஷையிலும் ஒரே ஒரு காரியம்தான் தெரியும், மறுப்பது. கன்னடத்தில் தண்ணீர் கேட்கத் தெரியாது, ஆனால் இல்லை என்பதை ஒரு கன்னடக்காரன் காலில் விழுகிற அளவு அழகாகச் சொல்வார். ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். தெலுங்குக்காரர் வந்தால் "லேதண்டி, ஏமனுகோகண்டி." மலையாளிக்கு "இல்ல சாரே, ஒந்நும் விசாரிக்கல்லே." வடக்கத்தியாருக்கு "நஹீ சாப், புரா மத் மானியே." பழைய எஸ்டேட் துரை ஒருவர் சொல்லிக்கொடுத்ததாம், இங்கிலீஷுக்கு "ஐ யாம் அஃப்ரெய்ட் நாட், சார்."

"எல்லாருஞ் சொல்றது ஒண்ணுதான் சாமி," என்பார். "கன்னடக்காரன் வருத்தப்படாதீங்கங்கறான். தெலுங்குக்காரன் ஒண்ணும் நெனச்சுக்காதீங்கங்கறான். மலையாளத்தான், இந்திக்காரன் அல்லாரும் அதேதான். நாமளும் தப்பா நெனச்சுக்காதீங்கன்னுதானே சொல்றோம்? இல்லைங்கறதுக்கு எந்த ஊர்லயும் ரெண்டு எழுத்து, மூணு எழுத்துதான். அதுக்குப் பொறவால வர்ற பேச்சுத்தான் நொம்பப் பெருசு. இந்த வெள்ளக்காரன் மட்டும் பயமா இருக்குதுங்கறான். இல்லைன்னு சொல்ல அவனுக்கென்ன பயமோ!"

இப்படிச் சொல்கிற மனிதர் சாது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். லாட்ஜின் முன்பக்கச் சுவரை ஒட்டி வெந்நீர் பாய்லருக்கான விறகு அடுக்கியிருக்கும். சில்வர் ஓக் கட்டைகள். யாராவது கை வைத்துவிட்டுப் போனால், ஏசிவிட்டுப் போனால், மேனேஜர் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கோடாலியை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். அவர் கட்டையைப் பிளப்பதை இரண்டு நிமிஷத்துக்கு மேல் என்னால் பார்க்க முடிந்ததில்லை. ஒரே போடு. கட்டை இரண்டாகிப் பத்தடி தள்ளிப் போய் விழும். பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். அந்தக் கட்டை இருக்கிற இடத்தில் எவனுடைய தலை இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அரை மணி நேரம் கழித்து முகம் கழுவி, சட்டை போட்டு, வந்து உட்கார்ந்து, "வாங்க, உக்காருங்க" என்பார். சீசன் முடியும்போது எங்களிடம் விறகு எப்போதும் மிச்சம்.

ஒரு காண்ட்ராக்டர் வந்திருந்தான். தங்கிய இரண்டாம் நாள் மேனேஜரைக் கூப்பிட்டு, மேலே ஒரு பொம்பளையை அனுப்பி வை என்றான். "அதுக்கு இங்க வழியில்லைங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்று கொய்யாப்பழத்தை எடுத்தார். அவன் சோடா பாட்டிலை எடுத்தான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் கையிலிருந்த வெந்நீர் வாளியை அப்படியே அவன் முதுகில் கவிழ்த்தேன். அவன் போட்ட கூச்சல் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, அவனை உட்கார வைத்து, முதுகுக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டார். தடவி முடித்து அவன் கையில் கொய்யாவை வைத்து விரலை மடக்கினார்.

அன்று எனக்குக் கிடைத்தது திட்டு. "ஏஞ்சாமி, நீ ஊத்துனது அவன் முதுகோட போச்சா? இப்ப அவன் அந்தச் சூட்டோட கீழ எறங்குவானே!"

"எறங்கட்டுமுங்க! எங்கயாச்சும் விழுந்து சாகட்டுமுங்க!"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அது ஏன் என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சாமான் வாங்க இருவரும் சேலம் போகிற பஸ்ஸில் இருந்தோம். ஒரு குறிப்பிட்ட வளைவு வந்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார், நான் அதைக் கவனித்து வைத்திருந்தேன். அன்று நானே கேட்டுவிட்டேன். இரண்டு வளைவு இறங்கிய பிறகு சொன்னார்.

"மொதல்ல நானும் உன்னாட்டந்தான் சாமி. வெடுக்குனுதான் பேசுவேன். ஒரு நாளு புருசன் பொண்டாட்டி, மடியில ஒரு கொழந்தை, ரூமு கேட்டு வந்தாங்க. எனக்கு அன்னைக்கு என்ன கேடோ, நிமுந்துகூடப் பாக்கல. இல்லய்யா, போன்னுட்டேன். பொண்டாட்டி முன்னால அப்படிச் சொன்னது அவனுக்குச் சுருக்குனு பட்டிருச்சு. கதவ அடிச்சுச் சாத்துனான், ஒரே எடுப்பா வண்டிய எடுத்தான். கால்மணி நேரத்துல கீழ சத்தங் கேட்டுச்சு."

பஸ் அடுத்த வளைவில் திரும்பியது. அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கயிறு கட்டி எறங்குனவங்கள்ல நானும் ஒருத்தன். அவன் தல இருந்த எடத்துல தல இல்ல. கொழந்தைய நான் பாக்கலைன்னே வெச்சுக்க. அந்தம்மா கை மட்டும் கதவப் புடிச்சபடி வெறச்சுப்போய் இருந்துச்சு. ஒவ்வொரு வெரலா நாந்தான் பிரிச்சு எடுத்தேன்." கம்பியை விடாமல், "கோவத்தோட எறங்கற வண்டி ஊடு போய்ச் சேராது சாமி. ஒருத்தன இல்லைன்னு சொல்லி அனுப்பிச்சா, அவன் ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் அது நம்ம பொறுப்பு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாருடைய விரலையாவது மடக்கும்போதெல்லாம் என்னால் வேறு பக்கம் திரும்பாமல் இருக்க முடியவில்லை.

அதற்காக அவரைப் பெரிய மகான் ஆக்கிவிடாதீர்கள். பொய் சொல்வார், கூசாமல் சொல்வார். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த வாரத்தில் மலைக்காரர்கள் கிடா வெட்டிவிட்டு அவரைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அந்த விபத்துக்குப் பிறகு ஆடு அறுக்கிற இடத்தில் அவரால் நிற்க முடியாது. "சாமிக்கு வேண்டிக்கிட்டனுங்க, கறி தொடறதில்லைங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவார். இதே மனிதர் சேலத்தில் என்னோடு உட்கார்ந்து இரண்டு பிளேட் ஆட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேட்டால், "நம்ம ஆளுகளுக்கு இல்லைங்கறத சாமி தலைமேல போட்டாத்தான் மரியாதை. சாமி கோவிச்சுக்கிட்டு வண்டியா ஓட்டப் போவுது?" என்பார்.

அந்த நாளைப் பற்றி இனிச் சொல்லாமல் இருக்க முடியாது.

மார்கழி. காப்பிப்பழம் சிவந்து தொங்குகிற மாதம். முதல் பஸ்ஸில் ஒரு பெண்ணும் பையனும் வந்து இறங்கினார்கள். அவனிடம் ஒரு வயர் கூடை, அவளிடம் அதுவும் இல்லை. அவள் செருப்பின் வார் அறுந்து, காலை இழுத்து இழுத்து நடந்தாள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள். அவள் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு. மேனேஜர் கூடைப் பக்கம் கையைக் கொண்டு போகவில்லை. பேர் கேட்கவில்லை, ரிஜிஸ்டரைத் திறக்கவில்லை. பின்பக்கம், காப்பித் தோட்டத்தைப் பார்த்த ஒன்பதாம் நம்பர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"கண்ணு, கதவத் தாப்பாப் போட்டுட்டு உள்ளயே இருங்க. ஒரு மணிக்கு எஸ்டேட் லாரி காப்பி மூட்டை ஏத்திக்கிட்டுக் கீழ போவும். டிரைவர் நம்ம ஆளு. அதுல ஜங்ஷன் போய் ரயிலேறிருங்க."

என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சாமி, இவங்க இங்க வரல."

"சரிங்க."

"ஆரு கேட்டாலும்."

"சரின்னுட்டனுங்களே!" என்றேன், கொஞ்சம் கோபமாகவே. என்னை அவ்வளவு சொல்ல வேண்டுமா என்று இருந்தது.

வெந்நீர் கொண்டு போனபோது அந்தப் பெண் செருப்பைக் காட்டி ஒரு ஊக்கு இருக்குமா என்று கேட்டாள். என் வேட்டி முடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "நொம்ப தேங்க்ஸுங்கண்ணா" என்றாள். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும்.

பதினோரு மணிக்கு மேல் அம்பாசிடர் கார் ஒன்று வந்தது. நாலு பேர். மூன்று வாலிபர்கள், ஒரு பெரியவர். பெரியவர் வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். மிதியடியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"வணக்கமுங்க. ஏனுங்க, எங்க ஊட்டுப் பொண்ணு ஒண்ணு ஒரு பையனோட இந்தப் பக்கம் வந்துருச்சுங்க. ரெண்டு பேரும் ஒண்டிக்கடையில எறங்குனாங்கன்னு கண்டக்டர் சொன்னாருங்க. மத்த ரெண்டு லாட்ஜுலயும் பாத்துட்டமுங்க."

"இங்க வரலைங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." மேனேஜர் எழுந்து பழத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினார்.

பெரியவர் பழத்தை முகர்ந்து பார்த்தார். "நல்ல பழமுங்க. ஊட்டுல கொழந்தைகளுக்கு ஆவும்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டாம் தடவை கேட்டார். "எந்த நம்பர்ல இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க. கதவெல்லாம் ஒடச்சா, சத்தங் கேட்டுக் காட்டுக்குள்ள எறங்கிருவாங்க. அதுக்குத்தானுங்க உங்களக் கேக்கறது."

"இல்லைங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

பெரியவர் கண்ஜாடைகூடக் காட்டவில்லை. ஒருவன் ஆபீஸ் கதவைச் சாத்தினான். ஒருவன் மேனேஜரைக் கழுத்தோடு வளைத்து மேசைமேல் அழுத்தினான். மூன்றாமவன் வெளியே போய் விறகு அடுக்கிலிருந்து ஒரு கட்டையை எடுத்து வந்தான். அவரே பிளந்த கட்டை. அவருடைய வலது கையை ரிஜிஸ்டர்மேல் விரித்து வைத்து அதை இறக்கினான். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் கத்தவில்லை. ஓடிப் போங்கள் என்று கத்தினால் உள்ளே அவர்கள் இருப்பது உறுதியாகிவிடும். "இல்லைங்க" என்றார். மறுபடி கட்டை இறங்கியது. "இல்லைங்க, தப்பா..." இந்த முறை வாயில். பல் இரண்டு மேசைமேல் விழுந்தது. வாய் நிறைய ரத்தத்தோடு "ஏமனுகோகண்டி" என்றார். விலாவில் உதைத்தார்கள். "ஒந்நும் விசாரிக்கல்லே." ஒரு வாலிபன் சிரித்தான். "கெழவனுக்கு மண்ட கொழம்பிருச்சு மாமா." குழம்பவில்லை, எனக்குத் தெரியும். தமிழில் இருந்தது தீர்ந்துபோய் மற்றதை எடுத்துக்கொண்டிருந்தார். "புரா மத்" என்று ஆரம்பித்தபோது கட்டை தாடையில் இறங்கியது. அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்தது எந்தப் பாஷையும் இல்லை. ஆனால் தலை மட்டும் இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டே இருந்தது.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். உள்வாசல் நிலையில், கையில் காலி வாளியோடு நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது, முற்றத்தைத் தாண்டினால் ஒன்பதாம் நம்பர். ஜன்னல் வழியே பார்த்தால் விறகின்மேல் கோடாலி. மூக்குக்கு மேல் கோபம் என்று பீற்றிக்கொண்டேனே, அந்தக் கோபம் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கால் இரண்டும் தரையில் நட்ட மாதிரி நின்றன. வேட்டி நனைந்திருந்தது.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, நீங்க எந்த ஊருங்க?"

சொன்னேன்.

"அட, நம்ம பக்கந்தானுங்க. கொழந்தைக இருக்குதுங்களா?"

"ரெண்டு பொண்ணுங்க."

"அப்ப உங்களுக்கு நாஞ் சொல்ல வேண்டியதில்லைங்க." மேனேஜரைக் காட்டினார். "நல்ல மனுசன். இன்னும் ரெண்டு அடி தாங்க மாட்டாருங்க. அவரு பொழைக்கறது உங்க வாயிலதானுங்க இருக்குது."

கன்னடத்தில் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியும். தெலுங்கில், இந்தியில், எதில் கேட்டிருந்தாலும் தெரியும். அவரிடம் கேட்டுக் கேட்டு எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த ஆள் என் அப்பன் பேசுகிற மாதிரி கேட்டார். வீங்கி மூடாமல் மிஞ்சிய மேனேஜரின் ஒற்றைக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, தலை ஆடிக்கொண்டிருந்தது. அந்தத் தலையாட்டல் எனக்குத்தான் என்பது தெரியாமல் இல்லை.

"ஒம்போதுங்க" என்றேன்.

அதிலும் 'ங்க' போட்டேன், பாருங்கள்.

கார் டிக்கியிலிருந்து அரிவாள் வந்தது. கதவை உடைக்கிற சத்தம் கேட்டதும் பையன் ஜன்னல் வழியாகக் குதித்திருக்கிறான். காப்பிச் செடிகளின் இரண்டாம் வரிசையைக்கூட அவனால் தாண்ட முடியவில்லை. உடைந்த கதவுக்கும் ஜன்னலுக்கும் அப்பால் செடிகள் ஆடின. அரிவாள் மேலே வருவதையும் கீழே போவதையும் நான் நிலையில் நின்றபடியே பார்த்தேன். எத்தனை தடவை என்று எண்ணவும் செய்தேன். பழுத்த பழமெல்லாம் உதிர்ந்து அவன்மேல் கிடந்தது. அந்தப் பெண்ணை மயிரைப் பிடித்து ஆபீஸ் வழியாகவே இழுத்து வந்தார்கள். என்னைக் கடக்கும்போது என் வேட்டியைப் பிடித்தாள். "அண்ணா!" என்றாள். சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது. அவள் விரல்களை வேட்டியிலிருந்து பிரித்து எடுத்தது பெரியவர்.

"நொம்ப உபகாரமுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, மிதியடியை மாட்டிக்கொண்டு போனார்.

லாரி சொன்னபடி ஒரு மணிக்கு வந்து ஹாரன் அடித்தது. அதில் மேனேஜரைத்தான் ஏற்றிக் கீழே அனுப்பினோம்.

அந்தப் பெண் ஒரு வாரத்தில் கிணற்றில் தவறி விழுந்துவிட்டதாக அவர்களே சொன்னார்கள். தவறி விழுந்தாளாம். போலீஸ் என்னை மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்தது. ஆட்களைப் பார்த்தாயா? இல்லைங்க. அடையாளம் தெரியுமா? இல்லைங்க. நீ ஏதாவது சொன்னாயா? இல்லவே இல்லைங்க. அன்று எனக்கு அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்கிறீர்கள்! தண்ணீர் பட்ட பாடு. மேனேஜரும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. இடது கையால் ஆட்களின் அடையாளத்தை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதியதைப் பேசிச் சொல்ல அவருக்கு வாய் இல்லை, பார்த்தேன் என்று சொல்ல என்னைத் தவிர வேறு ஆளும் இல்லை. கேஸ் நிற்கவில்லை.

அவர் பிளந்து போட்ட விறகு நாலு மாதத்துக்கு வந்தது. ஒவ்வொன்றாக நான்தான் எடுத்து எரித்தேன். ரத்தக்கறை பட்ட கட்டையை மட்டும் எரிக்காமல் வைத்திருந்தேன், அதை யாரோ ஒருநாள் எரித்துவிட்டார்கள்.

அவரைப் பார்க்கச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போனது பதினைந்து நாள் கழித்து. முன்னாலேயே போகத் தைரியம் இல்லை. வெறுங்கையோடு போகக் கூடாதென்று மஞ்சப்பையில் ஆறு ஆரஞ்சு கொண்டு போனேன். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். வலது கை கட்டுக்குள் பந்து மாதிரி இருந்தது. அதில் விரல் எத்தனை மிச்சம் என்று நர்ஸைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஜன்னல் வழியே மலை தெரிகிற கட்டில். அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்.

பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். என்னவெல்லாமோ பேச வேண்டும் என்று இருபது வளைவும் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். உங்கள் உயிருக்காகத்தான் சொன்னேன் என்று சொல்ல நினைத்தேன். அது பாதி உண்மை. மீதியும் அவருக்குத் தெரியும்.

"ஏனுங்க," என்றேன். "என்னை மன்னிச்சிருங்க."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இடது கையை மெதுவாக நீட்டி மஞ்சப்பைக்குள் துழாவினார். ஓர் ஆரஞ்சை எடுத்தார். என் வலது கையைத் தன் பக்கம் இழுத்து, உள்ளங்கையில் பழத்தை வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். சுண்டுவிரல் வரைக்கும்.

பிறகு கம்பி கட்டிய வாயால் எதையோ சொல்லப் பார்த்தார். தப்பா நெனச்சுக்காதீங்க என்று சொல்ல வந்திருப்பார்.

மலைக்குத் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. லாட்ஜின் வழக்கம் எனக்குத் தெரியும். பழம் கைக்கு வந்துவிட்டால் இரண்டாம் தடவை கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை.